மேற்பார்வை தேவைப்படும் மாதம்மாள்

‘மாதம்மாள், க/பெ ரங்கசாமி. வயது சுமார் 40. பதவி: பகுதிநேரப் பெருக்குபவர். கல்வி: இல்லை. பேசும் மொழி: தமிழ், திருத்தமற்றது. சுபாவம்: அடக்கம். மேற்பார்வை: அவசியம்.’

ஜவ்வாது மலைமேல் இருந்த அந்த அறக்கட்டளை ஆஸ்பத்திரியின் ஊழியர் பதிவேட்டில் இப்படித்தான் எழுதியிருந்தது. எழுதியவர் மேனேஜர் அருணகிரி. கலசப்பாக்கத்துக்காரர், முத்து முத்தான கையெழுத்து. அவர் எழுதியதில் உண்மை என்று தேறுவது ரங்கசாமி ஒருவர்தான். அவரும் அப்போது உயிரோடு இல்லை. ‘அடக்கம்’ என்று எழுதியதற்கு மட்டும் ஒரு காரணம் உண்டு. வேலை கேட்டு வந்த அன்று மாதம்மாளுக்குக் கடைவாய்ப் பல்வலி. கேட்ட எதற்கும் தலையை மட்டும் ஆட்டினாள். மறுநாள் பல்லைப் பிடுங்கியாயிற்று. பதிவேட்டைத் திருத்துவது விதியில் இல்லை.

எண்பத்து நான்காம் வருஷக் கடைசியில், மலைக்குக் கீழே ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு பழைய நெல் கிடங்கில் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களைத் தங்க வைத்தார்கள். படகில் வந்தவர்கள். தூக்கம் வராதவர்கள், சாப்பாட்டைத் தொடாதவர்கள், பஸ் ஹாரன் கேட்டால் குப்புறப் படுத்துக்கொள்கிறவர்கள் என்று அதில் பலர். அவர்களுக்காகச் செவ்வாய்தோறும் வேலூரிலிருந்து டாக்டர் ராஜாக்கண்ணு மலைக்கு வந்தார். அவர் மனநோய் மருத்துவர். அப்படிப் பலகை எழுதினால் ஒரு ஆளும் படியேறாது என்று ‘நரம்பு டாக்டர்’ என்று எழுதி மாட்டினார்கள். ஆக, நோயாளி உள்ளே வருவதற்கு முன்பே முதல் மொழிபெயர்ப்பு நடந்துவிட்டிருந்தது.

டாக்டருக்கு மொழியைப் பற்றிக் கவலையே இல்லை. அவரும் தமிழ், வந்தவர்களும் தமிழ். முதல் வாரம் நர்ஸ் ஒரு கிழவியைப் பற்றி, ‘நோயாளி எதைக் கேட்டாலும் இடைவிடாமல் பிரணவ மந்திரம் ஓதுகிறார்’ என்று குறித்து வைத்தாள். கிழவி பாவம், கேட்டதற்கெல்லாம் ‘ஓம், ஓம்’ என்று சம்மதம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் ஊரில் ஆமாம் என்றால் ஓம்.

அதைச் சிரித்து மறந்துவிடலாம். முல்லைத்தீவிலிருந்து வந்த மீன்காரரின் சங்கதியில் சிரிக்க ஒன்றுமில்லை.

“மூண்டு மாசமா நெஞ்சுக்குள்ள வருத்தம் ஐயா” என்றார் அவர்.

“இருக்கத்தானே செய்யும். எல்லாத்தையும் விட்டுட்டு வந்திருக்கீங்க.”

“ஓம். அங்கயிருந்து வந்தாப் பிறகுதான் கூடிப்போச்சு.”

டாக்டர் இதமாகப் பேசி, மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் வருத்தம் குறையவில்லை என்றார் மீன்காரர். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அதற்கடுத்த வாரமும் அப்படியே.

மாதம்மாள் மேஜைக்கடியில் பெருக்கிக்கொண்டிருந்தாள். குப்பைக்கூடை அவள் ராஜ்ஜியம். மூன்று வாரமும் அந்த ஆள் வந்து உட்கார்ந்ததும் அதில் ஒரு துணித்துண்டைப் போட்டதை அவள் பார்த்திருந்தாள். மூன்றிலும் ரத்தம். வெளியே வந்து, வரிசையில் அம்மாவோடு நின்றிருந்த ஒரு பெண்ணைப் பிடித்தாள்.

“இந்தாம்மா, அவுரு இன்னா சொல்றாரு? வருத்தம் வருத்தம்னு?”

“வருத்தமெண்டா நோய் அக்கா. நெஞ்சில நோய் எண்டு சொல்லுறார். டொக்டர் நினைக்கிற வருத்தத்துக்கு நாங்கள் கவலை எண்டுதான் சொல்லுறது.”

மாதம்மாள் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து நேரே உள்ளே இழுத்துப் போனாள். ஒரு கையில் அவள், இன்னொரு கையில் துணித்துண்டு. துணியை மேஜைமேல், டாக்டரின் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“டாக்டரே, இவுரு மனசு நல்லா கீது. நெஞ்சுதான் கெட்டுப் போச்சு. இந்தப் பொண்ணக் கேளுங்க.”

மீன்காரருக்குக் காசநோய். டாக்டர் ராஜாக்கண்ணுவின் பெருமைக்கு இதைச் சொல்ல வேண்டும்: அவர் கோபப்படவில்லை. எழுந்து நின்று, மூன்று வாரமும் எழுதிய மாத்திரைக்காக மீன்காரரிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு அந்தப் பெண்ணை வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

அவள் பெயர் தவமலர். இருபத்து மூன்று வயது, திருகோணமலைப் பக்கம். இங்கிலீஷ் வாசிப்பாள். அவளும் அம்மாவும் மட்டும் வந்திருந்தார்கள். ஒரு தம்பி உண்டு என்பதை முகாம் அட்டை சொன்னது, அவள் சொன்னதில்லை.

மேனேஜர் அருணகிரிக்குத் தலை சுற்றியது. “தமிழிலேருந்து தமிழுக்கு மொழிபெயர்க்க ஒரு ஆளா? நாளைக்கு தண்ணியிலேருந்து தண்ணி எடுக்க ஒரு ஆள் கேப்பீங்களா சார்?” பதிவேட்டைப் புரட்டினார். மொழிபெயர்ப்பாளர் என்றொரு பதவியே கிடையாது. காலியாக இருந்தது ஒரே பதவிதான்: உதவிப் பெருக்குபவர். அதில் தவமலரை எழுதினார். விதி பதினான்கின்படி, உதவிப் பெருக்குபவர் பெருக்குபவரின் மேற்பார்வையில் இருக்க வேண்டும். அதையும் முத்து முத்தாக எழுதினார். தாம் என்ன எழுதுகிறோம் என்று அவர் யோசிக்கவில்லை. ஆனால் அந்த வரியைவிடச் சரியான வரி அந்தப் பதிவேட்டில் வேறு கிடையாது.

அறைக்குள் டாக்டருக்கு ஒரு கண்டிப்பான விதி இருந்தது. நோயாளி ‘நான்’ என்றால் மொழிபெயர்ப்பவளும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். அவர் சொல்கிறார், இவர் சொல்கிறார் என்று நடுவில் நுழையக் கூடாது. அப்படிச் செய்தால்தான் நோயாளியும் வைத்தியரும் நேருக்கு நேர் பேசுவார்கள். விதி நல்ல விதிதான். அதன் பாரம் முழுவதும் தவமலர் தலையில் இறங்கியது. ஒரு செவ்வாயில் அவள் நான்கு முறை விதவையானாள், இரண்டு வீடுகளை எரியக் கொடுத்தாள், ஒரு கிணற்றடியில் குழந்தையைத் தொலைத்தாள். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

இரண்டாம் மாதம், சமையல்கட்டுக்குப் பின்னால் அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததை மாதம்மாள் பார்த்தாள். தட்டில் சாமைச்சோறு காய்ந்துபோயிருந்தது. வாய் மட்டும் ஏதோ முணுமுணுத்தது. “என்ரை பிள்ளை… கிணத்தடியில விட்டிட்டு வந்தனான்…”

மாதம்மாள் பக்கத்தில் குந்தினாள்.

“உனுக்கு எத்தினி புள்ள?”

தவமலர் திரும்பினாள். “எனக்குக் கலியாணமே ஆகேல்லை அக்கா.”

“அப்ப அது யாருது?”

“காலமை வந்தவவின்ரை.”

“அவுங்களுது உங்கிட்ட இன்னாத்துக்கு? குடுத்துடு.”

“எப்பிடிக் குடுக்கிறது?”

இதற்கு மாதம்மாளிடம் ஒரு வழி இருந்தது. அவளுடைய அப்பன் மலையில் ஊர் ஊராகச் சாவுச் செய்தி கொண்டுபோனவர். எதிரே நின்று கண்ணால் பார்த்த சாவாக இருந்தாலும், “செத்துட்டாராம்” என்றுதான் சொல்வார். “செத்துட்டார்” என்று அவர் வாயில் வந்ததில்லை. “ஆம் போடாட்டி ஒவ்வொரு வூட்லயும் நானே அழுவணும் புள்ள. அப்புறம் அடுத்த ஊருக்கு யாரு நடக்கறது?” என்பாராம்.

“உள்ள டாக்டரு சொன்னாப்ல ‘நான்’னே சொல்லு. வெளிய வந்தா எங்கிட்ட அத்தினியும் ‘ஆம்’ போட்டுச் சொல்லு. போனாங்களாம், பாத்தாங்களாம். பேரு வேணாம், ஊரு வேணாம். இந்தா, தொடப்பத்தப் புடி. உக்காந்து பேசுனா மேனேஜரு வருவாரு. பெருக்கிக்கினே பேசுனா ஒரு பய கேக்க மாட்டான்.”

அன்றிலிருந்து செவ்வாய்தோறும் மத்தியானத்தில் ஆஸ்பத்திரியின் பின்முற்றம் அவசியத்துக்கு மேல் சுத்தமாக இருந்தது. இருவரும் புளியஞ்சருகைக் கூட்டுவார்கள். தவமலர் சொல்வாள். ஒரு வினையில் ‘ஆம்’ விட்டுப்போனால் மாதம்மாள் துடைப்பத்தை நிறுத்திவிடுவாள். “யாருது அது?” என்பாள். அந்த ஒரு கேள்விதான். தவமலர் ‘ஆம்’ சேர்த்த பிறகு துடைப்பம் நகரும். கடைசியில் சருகைக் குவித்து மூலையில் தள்ளிவிட்டு, சோறு தின்னப் போவார்கள். இப்போது தட்டு காலியாகத் திரும்பியது. அடுத்த வருஷம் முகாமிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் மொழிபெயர்க்க வந்து, உதவிப் பெருக்குபவர்களாகச் சேர்ந்தார்கள். மலையில் எந்த ஆஸ்பத்திரிக்கும் இத்தனை பெருக்குபவர்கள் கிடையாது.

விஷயம் டாக்டர் காதுக்கு எட்டியது. அவருக்குப் பிடிக்கவில்லை. மாதம்மாளைக் கூப்பிட்டார்.

“மாதம்மா, ‘ஆம்’னா இன்னா அர்த்தம் தெரியுமா? நாங்க பாக்கல, நம்பலாமோ கூடாதோன்னு அர்த்தம். இந்த ஜனங்க சொல்றத ஏற்கனவே யாரும் நம்பல. நம்மளும் ‘ஆம்’ போட்டா?”

“நீங்க போட்டுக்கினுதான கீறீங்க.”

“நான் எங்க போட்டேன்?”

“தாள்ல. தவமலரு படிச்சுச் சொன்னா. எல்லா வரியிலயும் மொதல்ல ‘நோயாளி சொல்கிறார்’, ‘நோயாளி சொல்கிறார்’னு இங்கிலீஷ்ல எழுதறீங்களாமே. அது இன்னா டாக்டரே? உங்களுக்கு மட்டும் மையில ஆம் கீது. அந்தப் பொண்ணுக்கு வாயில கூடாதா?”

டாக்டர் தாம் எழுதிய தாளைப் பார்த்தார். பதினேழு வரி, பதினேழு ‘ஆம்’. நன்றாகப் படித்தவர், அதனால் தோற்றதை உடனே கண்டுகொண்டார். “உள்ள வேணாம். வெளியில உன் இஷ்டம்” என்றார்.

“வெளியிலன்னுதான நானும் சொல்றேன்” என்று முடித்தாள் மாதம்மாள்.

எண்பத்தாறு ஆடி மாதம் ஒரு தாய் வந்தாள். சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி அவள் கண்ணெதிரே ஒரு பையனை இறக்கிக் கொண்டுபோனதைச் சொன்னாள். தவமலர் குரல் தடுமாறாமல் சொன்னாள். டாக்டர் எழுதினார்: ‘தம்பியைக் கொண்டுபோனார்கள்.’ மத்தியானம் முற்றத்தில் துடைப்பம் இரண்டும் நகர்ந்தன.

“பஸ்ஸை மறிச்சவங்களாம். எல்லாரையும் இறங்கச் சொன்னவங்களாம். தம்பியை மட்டும் பிடிச்சுக்கொண்டு போ…”

‘ஆம்’ வரவில்லை. மாதம்மாள் காத்திருந்தாள். தவமலர் மறுபடி ஆரம்பித்தாள், அதே இடத்தில் மறுபடி நின்றாள்.

“அந்தம்மாவுக்கு இன்னா வயசு?”

“அம்பது இருக்கும்.”

“புடிச்சுப் போன புள்ளைக்கு?”

“பத்தொன்பது.”

“அம்பதுக்குப் பத்தொம்போதுல தம்பியா? தம்பின்னு அது யாரச் சொல்லுச்சு?”

தவமலரின் கையிலிருந்து துடைப்பம் நழுவியது. “மகனைத்தான் அக்கா. நாங்கள் பெத்த பிள்ளையளையும் தம்பி எண்டுதான் கூப்பிடுறது. எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டும்…”

“அப்ப தம்பி யாருது?”

மாதம்மாள் அதைக் கேட்டுவிட்டாள், ஆனால் பதிலுக்கு நிற்கவில்லை. தன் துடைப்பத்தையும் கீழே போட்டாள்.

“இது உன்னுது. இதுக்கு ஆம் வேணாம். இத்தப் பெருக்க வேணாம். அழுவு.”

அன்று முற்றத்தில் சருகு அப்படியே கிடந்தது. சாயங்காலம் மாதம்மாள் டாக்டரிடம் போய், “அந்தத் தாள்ல தம்பின்னு எழுதனத அடிச்சுட்டு மவன்னு எழுதுங்க” என்றாள். அதற்கடுத்த இரண்டு செவ்வாயும் தவமலரை அறைக்குள் விடவில்லை. வாசலில் இருபது பேர் காத்திருந்தார்கள். மற்ற இரண்டு பெண்களால் சமாளிக்க முடியவில்லை. மேனேஜர் அருணகிரி ஓடி வந்தார்.

“யாரைக் கேட்டு நிறுத்தினே?”

“பெருக்கறவளுக்கு லீவு நான் குடுக்கக் கூடாதா? நீங்கதான எழுதி வச்சீங்க, எனுக்குக் கீழ்ன்னு.”

“அவ எங்க பெருக்கறா!”

“அத்த நீங்க எழுதல மேனேஜரு.”

மூன்றாம் செவ்வாய் தவமலர் தானாகவே அறைக்குப் போனாள். அந்தத் தாய் மறுபடி வந்தபோது, தாயின் சம்மதத்தோடு அவளுக்கு மட்டும் வேறு பெண் மொழிபெயர்த்தாள்.

ஐப்பசியில் ஒரு ஜீப் மலையேறி வந்தது. இறங்கியவர் தம் துறை என்னவென்று சொல்லவில்லை. சொல்லாததாலேயே எல்லோருக்கும் புரிந்தது. மேனேஜரின் நாற்காலியில் உட்கார்ந்து, தவமலரைக் கூப்பிடச் சொன்னார். அந்தத் தாயின் மகன் காணாமல் போகவில்லை, ஏதோ இயக்கத்தோடு இங்கேயே எங்கோ திரிகிறான் என்று அவருக்குத் தகவலாம். தாய் டாக்டரிடம் என்ன சொல்கிறாள், மகன் எங்கே, யார் யார் வந்து என்னென்ன சொல்கிறார்கள், எல்லாம் வாராவாரம் எழுதித் தர வேண்டும் என்றார். டாக்டரைக் கேட்டால் டாக்டர் சட்டம் பேசுவார். இந்தப் பெண்ணால் பேச முடியாது.

“முகாம் அட்டை உன் பேர்லயா, உங்கம்மா பேர்லயா?” என்று கடைசியாகக் கேட்டார். கேட்ட விதம் மரியாதையாகத்தான் இருந்தது.

தவமலர் கணக்குப் போட்டுப் பார்த்தாள். எழுதித் தராவிட்டால் அம்மாவையும் அவளையும் எந்த ஊர் முகாமுக்கு மாற்றுவார்களோ தெரியாது. எழுதித் தந்தால் அடுத்த செவ்வாய் அந்த வாசலில் ஒரு ஆளும் நிற்க மாட்டார். நிற்கவும் கூடாது.

மாதம்மாள் துடைப்பத்தோடு உள்ளே வந்தாள். “அவள ஏன் கேக்கறீங்க? எனுக்குக் கீழ இருக்கறவ. எது கேட்டாலும் மேலாளக் கேளுங்க.”

அதிகாரி துடைப்பத்தைப் பார்த்தார். “நீ யாரு?”

“அவளுக்கு மேற்பார்வை.”

அதிகாரி சிரித்துவிட்டு மேனேஜரைப் பார்த்தார். இந்த இடத்தில் அருணகிரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் தைரியசாலி இல்லை. ஆனால் விதி என்று வந்தால் பின்வாங்கத் தெரியாதவர். பதிவேட்டை எடுத்து, விதி பதினான்கைக் கணீரென்று வாசித்தார்.

“சரி, நீயே சொல்லு” என்று அதிகாரி பேனாவைத் திறந்தார். “அந்தம்மா என்ன சொன்னாங்க?”

“ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தாங்களாம்.”

“எந்த ஊரு?”

“தண்ணிக்கு அந்தாண்டயாம்.”

“பேரு?”

“இருக்குமாம்.”

“மகன்?”

“ஒருத்தனாம். வூட்டுக்கு வர்லயாம்.”

“எங்க இருக்கான்?”

“அத்தத்தான் அந்தம்மாவும் கேட்டுக்கினு கீறாங்களாம்.”

“நான் உன்னக் கேக்கறேன்!”

“நான் கூட்டறவ சாமி. கீழ உழுந்தத வாரிக்கினு போறவ. பாத்தேன்னு சொல்றதுக்கு எங்கிட்ட இன்னா கீது? எல்லாம் ஆம்தான். எழுதிக்கோங்க.”

முக்கால் மணி நேரம் எழுதிக்கொண்டார். எதிரே நின்றவள் கேள்வி ஒன்றுக்கும் பதில் சொல்லாமல் விடவில்லை. அழுதாளாம், தூங்கலையாம், கடவுள் பாப்பாராம். நான்கு பக்கம் நிறைந்தது. அவற்றில் ஒரு வரியாவது சாட்சிக்கு ஆகுமா என்று புரட்டிப் பார்த்துவிட்டு, அவர் நான்கையும் கிழித்தார். கிழித்த தாள் தரையில் விழுந்தது. மாதம்மாள் அப்போதே பெருக்கி எடுத்தாள். துடைப்பத்தோடு வந்தவள் அன்று அந்த அறையில் பெருக்கியது அது ஒன்றைத்தான்.

போகும்போது அதிகாரி மேனேஜரிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அதன் பயனாகப் பதிவேட்டில் சிவப்பு மையில் ஒரு வரி ஏறியது: ‘வாய்த்துடுக்கு. இரண்டு மாதம் பணியிடை நீக்கம்.’ அதற்கு மேலேயே ‘சுபாவம்: அடக்கம்’ நின்றது. அதை அடிக்க விதி இடம் தரவில்லை. தவமலரின் அட்டையை யாரும் தொடவில்லை. உதவிப் பெருக்குபவர் மேல் குற்றம் எதுவும் எழுத முடியவில்லை, பதில் சொன்னது அவள் இல்லையே.

அடுத்த செவ்வாய் மாதம்மாள் வந்து பின்முற்றத்தில் நின்றாள். அருணகிரி கையைப் பிசைந்தார்.

“மாதம்மா, நீ வேலையில இல்ல. பெருக்கக் கூடாது.”

“பெருக்கல. நிக்கறேன். நிக்கறதுக்கு எந்த விதி மேனேஜரு?”

அவர் யோசித்துப் பார்த்தார். இல்லை. ஆக, வேலையை விட்டு நிறுத்திய அந்த இரண்டு மாதத்தில்தான் மாதம்மாள் தன் நிஜமான வேலையை மட்டும் செய்தாள். வாசலில் வரிசை குறையவில்லை. அந்தத் தாயும் வந்திருந்தாள், வரிசையில் மூன்றாவதாக.

எண்பத்தைந்து தொடங்கி எண்பத்தெட்டு முடியும்வரை அந்த ஆஸ்பத்திரியில் மூன்று அகதிப் பெண்கள் நோயாளிகளுக்கும் டாக்டருக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார்கள். ஒவ்வொரு செவ்வாயும் அவர்கள் வெளியே வந்ததும், கேட்டதையெல்லாம் மாதம்மாள் அவர்களிடமிருந்து கேட்டு வாங்கினாள். எது யாருடையது என்று பிரித்துக் கொடுத்தாள். முடியாதவளை உள்ளே அனுப்பவில்லை. ஒரு பெயரையும் வெளியே விடவில்லை.